கிளாட்டோலாக்: உலக மொழிகளுக்கு ஒரு பேரேடு

உலக மொழிகளைப் பட்டியலிடும் கிளாட்டோலாக் என்ற இணையதளத்தின் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் ‘கோட்டா’ என்று தட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரும். ஒன்று நீலகிரியில் கோத்தர்கள் பேசும் திராவிட மொழி. இன்னொன்று மேற்கு மத்திய ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் பேசப்படும் பாண்டு மொழி. பெயர் ஒன்றுதான், உறவு எதுவும் கிடையாது. பெயரை மட்டும் நம்பிப் பட்டியல் போட்டவர்களின் வரைபடத்தில் நீலகிரி மொழி ஆப்பிரிக்காவில் போய் நிற்பது இப்படித்தான்.

இந்தக் குழப்பத்துக்கு இந்தத் தளம் வைத்திருக்கும் மருந்து ஒரு குறியீடு. நான்கு ஆங்கில எழுத்து, அதன்பின் நான்கு இலக்கம். தமிழுக்கு டி-ஏ-எம்-ஐ-1289. நீலகிரிக் கோத்தர் மொழிக்கு கே-ஓ-டி-ஏ-1263. காபோன் மொழிக்கு வேறு எண். ஒருமுறை கொடுத்த குறியீட்டை வேறு மொழிக்கு மாற்றிக் கொடுப்பதில்லை. உலக மொழிகளைப் பற்றி எதை எழுதினாலும், விக்கிப்பீடியா கட்டுரையோ கல்லூரி ஆய்வேடோ மென்பொருளோ எதுவாக இருந்தாலும், பெயருக்குப் பக்கத்தில் இந்தக் குறியீட்டையும் முதல் நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்க்க உட்கார்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

தளத்தை நடத்துவது ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனம். ஹரால்ட் ஹம்மர்ஸ்ட்ரோம், ராபர்ட் ஃபோர்கெல், மார்ட்டின் ஹஸ்பெல்மத் ஆகியோர் பதிப்பாசிரியர்களில் முக்கியமானவர்கள். கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. பெயர் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மொத்தத் தரவும் கிடைக்கிறது.

ஆனால் இதைப் பேரேடு என்று சொல்வது இலவசம் என்பதற்காக அல்ல. ஒவ்வொரு வரவுக்கும் ரசீது இருக்கிறது என்பதற்காக. ஒரு மொழியின் பக்கத்தைத் திறந்தால் அதைப் பற்றி அச்சில் வந்த இலக்கணம், அகராதி, கதைத் தொகுப்பு, ஆய்வேடு எல்லாம் வரிசையாக நிற்கும். நீலகிரியின் தோடா மொழிக்குப் போனால் மொழியியலாளர் எமனோ 1984-இல் வெளியிட்ட இலக்கணம் கிடைக்கும். கோத்தர் மொழிக்குப் போனால் அதே எமனோ 1930-களில் நீலகிரியில் திரட்டி 1940-களில் அச்சிட்ட கதைத் தொகுதிகள். ‘இப்படி ஒரு மொழி இருக்கிறது’ என்று தளம் சொன்னால், யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்று அடுத்த வரியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மொழிப் பட்டியல்களில் இது அபூர்வம்.

ஆதாரம் இல்லாத மொழிகளுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. பழைய பட்டியல்களில் ஏறிவிட்ட சில பெயர்கள், தேடிப் போய்ப் பார்த்தால் தனி மொழியே இல்லை என்று தெரியவரும். ஊர்ப்பெயரை யாரோ மொழிப்பெயர் என்று எழுதியிருப்பார்கள், அல்லது ஒரே மொழி இரண்டு பெயரில் இரண்டு முறை ஏறியிருக்கும். அவற்றை அழித்துவிடாமல் ‘புக்கீப்பிங்’ என்ற தனிக் கிளையில் போட்டு, ஏன் நீக்கினோம் என்ற குறிப்பும் வைக்கிறார்கள். பழைய கட்டுரையில் பார்த்த ஒரு பெயர் எங்கே போயிற்று என்று தேடுபவருக்கு இது பெரிய உதவி.

குடும்ப மரத்தில் இவர்கள் கறாரானவர்கள். பள்ளியில் படித்த ‘அல்தாயிக்’ குடும்பம் இங்கே இல்லை. துருக்கியம், மங்கோலியம், ஜப்பானியம், கொரியம் எல்லாம் தனித்தனிக் குடும்பங்கள். ஆப்பிரிக்காவின் நைலோ-சகாரா, கோய்சான் என்ற பெரிய மூட்டைகளையும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். திராவிடத்தையும் பண்டைய ஈரானின் ஏலமைட் மொழியையும் ஒரே குடும்பமாக இணைக்கும் கருத்தையும் ஏற்கவில்லை. இதனால் குடும்பங்களும், பாஸ்க் போல உறவே இல்லாத தனிமொழிகளும் சேர்ந்து எண்ணிக்கை 400-ஐத் தாண்டிவிடுகிறது. புதிதாக வருபவருக்கு இது மலைப்பாக இருக்கும். ஆனால் இந்தக் கறார்த்தனம் சரியானது. நிரூபிக்கப்படாத உறவை மரத்தில் வரைந்துவிட்டால், அதை வைத்துச் செய்யும் அடுத்த கணக்கு எல்லாமே சாய்ந்துவிடும்.

திராவிடக் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்து வரைபடத்தைப் பாருங்கள். தெற்கில் புள்ளிகள் அடர்ந்து கிடக்கும். நடு இந்தியாவில் கோண்டி, கோலாமி, குயி. வடக்கே போனால் குடுக்கும் மால்டோவும். அதையும் தாண்டி, வெகு தொலைவில் பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் ஒற்றைப் புள்ளியாக பிராகுயி. பத்துப் பக்கம் எழுதி விளக்க வேண்டியதை இந்த ஒரு வரைபடம் காட்டிவிடும்.

அந்தப் புள்ளிகள்தான் தளத்தின் பெரிய குறையும். ஒரு மொழிக்கு ஓர் இடம், ஒரே ஓர் அட்சரேகை, ஒரே ஒரு தீர்க்கரேகை. தமிழுக்குத் தமிழ்நாட்டுக்குள் ஒரு புள்ளி இருக்கும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், சிங்கப்பூர், பினாங்கு எதுவும் வரைபடத்தில் தெரியாது. எந்தெந்த நாடுகளில் பேசப்படுகிறது என்ற பட்டியல் தனியாக இருக்கிறது என்றாலும், கோடிக்கணக்கானோர் பேசும் மொழியும் ஒரே கிராமத்து மொழியும் வரைபடத்தில் ஒரே அளவுதான். ஆகவே ‘எங்கே பேசப்படுகிறது’ என்ற கேள்விக்குப் புள்ளியை விடையாகக் கொள்ளக்கூடாது. அது மொழியின் எல்லை அல்ல, முகவரி.

சிறிய மொழிகள் நெருங்கி இருக்கும் இடத்தில் அதே புள்ளி முறை அருமையாக வேலை செய்கிறது. பப்புவா நியூ கினியில் ஏறக்குறைய 840 மொழிகள். மக்கள்தொகை சுமார் ஒரு கோடிதான். வனுவாட்டுவில் 80-க்குச் சற்று மேற்பட்ட தீவுகளில் 138 மொழிகள் என்று கள ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே நாட்டின் மொத்த மக்கள்தொகையே நம் ஊர் நடுத்தர நகரம் ஒன்றின் அளவுதான். இத்தகைய இடங்களில் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் பள்ளத்தாக்குக்கு ஒன்று, கடற்கரைத் திருப்பத்துக்கு ஒன்று எனப் புள்ளிகள் பிரிந்து வரும். பெரிதாக்காமல் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பத்து மொழி ஒன்றாகத் தெரியும்.

பேசுவோர் எண்ணிக்கை இங்கே கிடையாது. மறந்துபோய் விட்டுவிடவில்லை, தெரிந்தே விட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் எத்னோலாக் என்ற இன்னொரு மொழிப் பட்டியலுக்குத்தான் போகவேண்டும். 1951-இல் ரிச்சர்ட் பிட்மன் சில தாள்களை நகலெடுக்கும் பொறியில் (மிமியோகிராஃப்) அச்சிட்டுத் தொடங்கியது. இப்போது எஸ்ஐஎல் என்ற மொழி ஆய்வு அமைப்பு ஆண்டுக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. மொழிகளுக்கான மூன்றெழுத்துப் பன்னாட்டுக் குறியீட்டை (தமிழுக்கு டி-ஏ-எம்) நிர்வகிப்பதும் அதே எஸ்ஐஎல்தான். பேசுவோர் தொகை, பள்ளியில் பயன்பாடு, எழுத்துமுறை, மொழி அடுத்த தலைமுறைக்குப் போகிறதா என்பதைக் காட்டும் படிநிலை என எல்லாமே அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் 2015-இன் இறுதியிலிருந்து பெரும்பகுதி கட்டணச் சுவருக்குப் பின்னால் போய்விட்டது. கல்லூரி நூலகம் சந்தா கட்டியிருந்தால் அதன் வழியாகப் பார்ப்பது நல்லது. தனி ஆளாகச் சந்தா கட்டுவது, ஆண்டு முழுக்க இதே வேலையில் இருப்பவருக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

எத்னோலாக் 2023-இல் 7,168 மொழிகள் என்றது. 2024-இல் 7,164. நான்கு மொழிகள் அந்த ஓராண்டில் இறந்துவிட்டன என்று இதை எழுதுவது தவறு. மொழி அழிவது உண்மைதான், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு எண் மாறுவதில் பெரும்பங்கு கணக்குத் திருத்தத்துக்கு. ஒன்றாக நினைத்தது இரண்டு என்று தெரிந்தால் கூடும், இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தால் குறையும். செர்பியம், குரோஷியம், போஸ்னியம் மூன்றுக்கும் பன்னாட்டுப் பட்டியலில் மூன்று குறியீடு. கிளாட்டோலாக்கில் அவை ஒரே மொழியின் வடிவங்கள். மெக்சிகோ அரசின் மொழி நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பட்டியல் 11 குடும்பங்கள், 68 மொழித் தொகுதிகள், 364 வகைகள் என்று மூன்று அடுக்காகவே கணக்குக் கொடுத்தது. ‘மெக்சிகோவில் எத்தனை மொழி’ என்றால் 68-உம் சரி, 364-உம் சரி. எந்த அடுக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தூக்கி எழுதுவதுதான் பிழை.

நம் நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக ஆக்கினார்கள். 1,474 பெயர்களை வகைப்படுத்த முடியவில்லை. பிறகு 10,000 பேருக்குக் குறையாமல் பேசுபவற்றைத் தொகுத்து 121 மொழிகள் என்று வெளியிட்டார்கள். இந்த 10,000 என்ற கோட்டில்தான் தோடாவும் கோத்தர் மொழியும் வெளியே விழுகின்றன. அரசு அட்டவணையில் தேடினால் கிடைக்காது, ஆனால் மலையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். இருளர் மொழி வேறு விதம். அது தமிழ் என்ற தலைப்பின் கீழ் ஒரு தாய்மொழியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கிளாட்டோலாக்கில் அதற்குத் தனிப் பக்கம், தனிக் குறியீடு. கணேஷ் தேவி முன்னின்று நடத்திய மக்கள் மொழியியல் கணக்கெடுப்போ 780 மொழிகள் என்றது. அவர்கள் அளவுகோலாகப் பேசுவோர் தொகையை வைக்கவில்லை. இந்திய மொழிகளைப் பற்றி எழுதுபவர் எண்ணிக்கைக்குக் கணக்கெடுப்பையும், இருப்புக்கு கிளாட்டோலாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு எழுதுவதே நடைமுறையில் பிழை குறைந்த வழி.

சரி, மொத்தத் தரவையும் இறக்கிச் சொந்தமாகக் கணக்குப் போட வேண்டும் என்றால்? பதிவிறக்கப் பக்கத்தில் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்புகள் இருக்கின்றன. மொழி, குடும்பம், கிளைமொழி எல்லாமே ஒரே பட்டியலில் கலந்து வரும் கோப்பு ஒன்று. அதில் ‘லெவல்’ என்ற நெடுவரிசை முக்கியம். ‘லாங்குவேஜ்’ என்று இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டினால்கூட எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டும். உடனே ‘உலகில் 8,000 மொழிகள்’ என்று எழுதிவிடாதீர்கள். புக்கீப்பிங் என்று குறிக்கப்பட்ட வரிகளை முதலில் நீக்க வேண்டும். சைகை மொழிகள், பிட்ஜின்கள் (வேற்றுமொழிக்காரர்கள் தங்களுக்குள் பேச உருவான கலப்பு மொழிகள்), செயற்கை மொழிகள், பெயர் மட்டும் தெரிந்து ஒரு சொல்கூடப் பதிவாகாதவை எல்லாம் தனித்தனித் தலைப்பில் நிற்கும். எது வேண்டும் எது வேண்டாம் என்று அடுத்து முடிவு செய்ய வேண்டும். கடைசியாக அழிந்த மொழிகள். இந்தத் தளம் அவற்றை நீக்குவதில்லை. அந்தமானின் அகா-போ மொழி, அதைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்ததோடு போய்விட்டது. வரைபடத்தில் அதன் புள்ளி இன்னும் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் உயிரோடிருக்கும் மொழிகளின் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது.

அழிநிலையைக் காட்டும் தரவு தனியாக உண்டு. ஆபத்தில்லை, அச்சுறுத்தலில் இருக்கிறது, கைமாறுகிறது, முதியவர்களிடம் மட்டும் உண்டு, அழியும் விளிம்பு, அழிந்தது என ஆறு படி. யுனெஸ்கோ, எத்னோலாக் முதலிய பட்டியல்களை ஒன்றிணைத்துப் போட்டது. ‘கிளாட்டோஸ்கோப்’ என்ற பக்கத்தில் இந்த ஆறு படியையும், மொழி எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்ற அளவையும் ஒரே வரைபடத்தில் பார்க்கலாம். ஏறக்குறைய 300 பக்கத்துக்கு மேல் இலக்கணம் இருந்தால் ஒரு நிலை, 150 பக்கம் என்றால் அடுத்தது, சிறு இலக்கணக் குறிப்பு அடுத்தது, கடைசியில் வெறும் சொற்பட்டியல். விளிம்பில் நிற்கும் மொழிக்குச் சொற்பட்டியல் மட்டும்தான் இருக்கிறது என்று தெரியும்போது எங்கே அவசரமாக ஆள் போக வேண்டும் என்பது தெளிவாகிறது. கள ஆய்வுக்கு மொழி தேடும் முனைவர் பட்ட மாணவர் பார்க்க வேண்டிய முதல் பக்கம் இதுதான். வழிகாட்டி கொடுக்கும் தலைப்பு அதற்கு அப்புறம்.

கோப்பைத் திறப்பதிலும் சில கண்ணிகள் உண்டு. எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் குறியிட்ட எழுத்துகள் சிதைந்து மொழிப்பெயர்கள் பாழாகலாம். ‘டேட்டா’ பகுதியில் போய், உரைக்கோப்பிலிருந்து கொண்டுவா என்பதைத் தேர்ந்து, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று கொடுத்து ஏற்ற வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற தரவுக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு கண்ணி, இது கண்ணுக்கே தெரியாது. மின் நான் சீனத்தின் மூன்றெழுத்துக் குறியீடு என்-ஏ-என். பாண்டாஸ் அதைப் பார்த்ததும் ‘மதிப்பு இல்லாத கட்டம்’ என்று எடுத்துக்கொண்டு வெற்றாக்கிவிடும். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி சத்தமில்லாமல் காணாமல் போகும். நமீபியாவின் நாட்டுக் குறியீடு என்-ஏ. நமீபியாவில் மட்டும் பேசப்படும் மொழிகளின் நாட்டுக் கட்டமும் அதே மாதிரி காலியாகும். நமீபியாவோடு வேறு நாட்டிலும் பேசப்படுபவை தப்பிக்கும், அதனால் பிழை இருப்பதே பலருக்குத் தெரியாது. கோப்பை வாசிக்கும் கட்டளையில் ‘கீப் டிஃபால்ட் என்ஏ’ என்பதைப் பொய் என்று வைத்தால் தீர்ந்தது.

மொழிகள் எங்கே என்பதோடு, எப்படி வேறுபடுகின்றன என்றும் பார்க்க வேண்டும் என்றால், மொழி அமைப்புகளின் உலக வரைபடத் தொகுப்பான வால்ஸ் தளம். 2005-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் பெரிய நூலாக வெளியிட்டது, 2008-இலிருந்து இணையத்தில் இலவசம். 192 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம், பெரும்பாலானவற்றுக்கு விளக்கக் கட்டுரை. தமிழ் வாசகர் 39-ஆம் இயலில் தொடங்கலாம். நம் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு உலகில் எங்கெல்லாம் உண்டு என்று அது காட்டும். பார்த்த 200 மொழிகளில் 63-இல் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது, 120-இல் இல்லவே இல்லை. அடுத்து 95-ஆம் இயல். ‘சோறு சாப்பிட்டான்’ என்று செயப்படுபொருளை வினைக்கு முன்னால் வைக்கும் மொழிகள், ‘மேசைக்குக் கீழே’ என்பதுபோல் இடச்சொல்லைப் பெயருக்குப் பின்னால் வைக்குமா? 472 மொழிகள் வைக்கின்றன. இடச்சொல்லைப் பெயருக்கு முன்னால் வைப்பவை 14 மட்டும். தமிழில் சாதாரணமாகத் தோன்றும் ஒன்று, உலகம் முழுக்கச் சேர்ந்தே வரும் ஒரு ஒழுங்கு என்பது அப்போதுதான் உறைக்கும்.

138-ஆம் இயல் தேநீருக்கு. 230 மொழிகளில் 109 ‘சாய்’ வழி, 84 ‘தே’ வழி. சாய் பெரும்பாலும் நிலவழியாகப் போனது. தே சீனாவின் ஃபூஜியன் துறைமுகங்களில் டச்சுக் கப்பலேறிப் போனது. அந்தத் ‘தே’ பிறந்தது, மேலே பாண்டாஸ் விழுங்கிவிடும் என்று சொன்ன அதே மின் நான் மொழியில்.

வால்ஸில் இரண்டு கூறுகளை இணைத்து ஒரே வரைபடமாக்கும் வசதி இருக்கிறது. பயன்படுத்தும்போது எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். எழுவாய், செயப்படுபொருள், வினை வரிசைக்கு 1,376 மொழிகளின் தரவு உண்டு. ‘நாம்’ கேள்விக்கு 200 மட்டுமே. இரண்டையும் இணைத்தால் இரண்டிலும் இருப்பவை மட்டும் மிஞ்சும். அந்தச் சில்லறை எண்ணை வைத்து உலகப் பொதுவிதி எழுதக்கூடாது. இதே குழுவினரின் புதிய தொகுப்பான கிராம்பேங்க், 2023-இல் 2,467 மொழிகளுக்கு 195 கேள்விகளைக் கேட்டு நிரப்பியிருக்கிறது. கட்டங்கள் அதில் கூடுதலாக நிரம்பியிருப்பதால் இணைத்துப் பார்க்கும் வேலைக்கு அதுவே மேல். விளக்கக் கட்டுரைகளுக்கு வால்ஸ்தான். இரண்டிலும் மொழிகள் கிளாட்டோலாக் குறியீட்டோடு வருகின்றன, ஆகவே ஒன்றோடு ஒன்று பொருத்துவது நிமிட வேலை.

கிளாட்டோலாக்கில் நம்பக்கூடாத பகுதி ஒன்று உண்டு, அது கிளைமொழி மட்டம். மொழிக்கு மேலே உள்ள மரத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர்கள், மொழிக்குக் கீழே வருவதைப் பழைய பட்டியல்களிலிருந்து பெரும்பாலும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். பழைய எத்னோலாக் பட்டியலில் தமிழின் கிளைமொழிகள் என்று சாதிப்பெயர், ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர் எல்லாம் ஒரே தட்டில் கிடந்தன. கொங்கு, நெல்லை, குமரி, மட்டக்களப்பு வழக்குகளின் உண்மையான ஒலி, சொல் வேறுபாடுகளைத் தேடி அந்த வகைப் பட்டியலுக்குப் போனால் ஏமாற்றம்தான். அதற்குத் தமிழ்க் கிளைமொழி ஆய்வுகளிடம்தான் போக வேண்டும். தளத்தின் முகப்பும் ஆங்கிலத்தில் மட்டுமே. நூற்பட்டியலும் பெரிய நூலகப் பட்டியல்களில் ஏறிய நூல்களுக்கே சாதகமாக இருக்கும் அமைப்பு.

இதைத் திருத்த முடியும், திருத்தவும் வேண்டும். மூலத்தரவு கிட்ஹப் என்ற மென்பொருள் பகிர்வுத் தளத்தில் திறந்தே கிடக்கிறது. அங்கே கணக்குத் தொடங்கி ‘இஷ்யூ’ என்ற குறைக் குறிப்பு ஒன்று பதிவு செய்தால் போதும். ‘எங்கள் மொழி விடுபட்டுள்ளது’ என்று மட்டும் எழுதினால் நகராது. எந்தக் குறியீட்டுப் பக்கம், அதில் எந்த வரி தவறு, சரியானது எது, அதைச் சொல்லும் நூலின் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்க எண் என்று எல்லாமே வேண்டும். நூல் தமிழில் இருந்தால் தலைப்பை ரோமன் எழுத்திலும் பொருளை ஆங்கிலத்திலும் சேர்த்துக் கொடுங்கள். ஏற்றுக்கொண்ட திருத்தம் அடுத்த பதிப்பில் வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் எண் உண்டு, பழைய பதிப்புகளும் சேமிப்பில் இருக்கும். எனவே கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது ‘கிளாட்டோலாக்’ என்று மட்டும் எழுதாமல் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் உங்கள் எண்ணைச் சரிபார்க்கும்போது அது இல்லாவிட்டால் கணக்கு ஒத்துவராது.